தீக்குச்சிப் புதிரும் தேங்கிய அறிவும்

அடுப்பு மூட்டவும் விளக்கு ஏற்றவும் பயன்படும் தீக்குச்சி, பிள்ளைகளுடைய அறிவின் போக்கை அறிந்து கொள்வதற்கும் பயன்படும் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் உபாத்தியாயராக இருப்பவருக்கு அந்த எண்ணம் தோன்றாமல் போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும். மழைக்கு ஏங்கி நிற்கும் சீமை இது. பயிருக்குப் பகையான அந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உற்ற துணையாயிற்று. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டிலேயே அதைச் சொந்த ஊரில் தொடங்கினார்கள். அயல்நாட்டுத் தீப்பெட்டிகள் நம் கடைகளை நிறைத்திருந்த காலம் அது. அன்று ஊன்றிய விதை இன்று இந்த வட்டாரமெங்கும் கிளைத்துப் பரந்திருக்கிறது. இங்கே கரும்பலகைக்குப் பஞ்சம் வந்தாலும் வரலாம். குச்சிக்குப் பஞ்சம் வராது.

மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகளைத் தரையில் பரப்பிச் சதுரமும் முக்கோணமும் கட்டி, "இரண்டே குச்சிகளை நகர்த்தி இதை அதுவாக்கு" என்று ஒருவரை ஒருவர் மடக்கிப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிரியமான விளையாட்டு. அதற்குச் செலவு இல்லை; மைதானம் வேண்டியதில்லை; ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற பேதமும் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் பிள்ளைகள் காட்டும் முன்னேற்றம் பார்ப்பவர் நெஞ்சைக் குளிர்விக்கும். நேற்று அரை மணி நேரம் திணறிய புதிரை இன்று ஐந்து நிமிஷத்தில் விடுவிப்பார்கள். பிறகு ஒருநாள் அந்த ஓட்டம் நின்றுவிடும். எத்தனை நாள் முயன்றாலும் அடுத்த படிக்கு ஏற முடியாது. குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு மேலே எனக்கு வராது, சார்" என்று பிள்ளை எழுந்து போய்விடும்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இக்கட்டுரை.

"அவனுக்கு அவ்வளவுதான்"

விளையாட்டிலே தேங்கினால் என்ன, குடியா மூழ்கிவிடும் என்று கேட்கலாம். குழந்தை சொல்வதோடு விஷயம் நின்றால் கவலை இல்லை. அதே வாக்கியத்தைப் பெரியவர்கள் வாங்கிக் கொள்கிறார்கள். புதிரில் தேங்குவதுபோலவே பிள்ளை கணக்கிலும் தேங்குகிறான். ஆங்கில வாசிப்பிலும் தேங்குகிறான். உடனே, "அவனுக்கு மூளை அவ்வளவுதான், சார்" என்று வீட்டில் தீர்ப்பு எழுதப்படுகிறது. இந்தப் பக்கத்தில் அத்தீர்ப்புக்கு அடுத்த வரியும் ஒன்று உண்டு: "ஆபீஸுக்கே போகட்டும்." வெளியூர் நேயர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் சீமையில் 'ஆபீஸ்' என்றால் குமாஸ்தாக்கள் அமர்ந்து எழுதும் இடம் அன்று. தீப்பெட்டி ஆபீஸ் என்றே பொருள்.

ஒரு காலத்தில் எத்தனையோ இளங்குழந்தைகள் விடியற்காலையிலே அந்த ஆபீஸுகளுக்குச் சென்று, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் தங்கள் பள்ளிப் பருவத்தைக் கழித்தார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் உழைப்பதைக் குறித்துத் தொடரப்பட்ட வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு விரிவான தீர்ப்பு வழங்கிற்று. 2016-இல் சட்டம் இன்னும் இறுக்கமாயிற்று. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இன்று எந்தத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்தலாகாது. சட்டத்தினால் ஆகவேண்டியது பெரும்பாலும் ஆகியிருக்கிறது. ஆனால் "அவனுக்கு அவ்வளவுதான்" என்று ஒரு தகப்பனார் நினைப்பதை எந்தச் சட்டம் தடுக்க முடியும்? பதினான்கு வயது நிறையும் வரை காத்திருந்து, பிறகு படிப்பை நிறுத்துவதற்கு அந்த நினைப்பு ஒன்றே போதும். ஆகையால், தேக்கம் என்பது அறிவின் எல்லைதானா, அல்லது வேறொன்றா என்று ஆராய்வது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

தந்தி கற்றவர்களின் கதை

இந்தக் கேள்வியை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள், அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர். 1897-லும் 1899-லும் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது தந்தி பயில்வோரை. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்து போயிற்று என்றாலும், 'கட்டுக் கடகட' என்ற அதன் ஓசை முதியவர்கள் காதில் இன்னும் ஒலித்துக் கொண்டிருக்கும். வாரந்தோறும் மாணாக்கன் நிமிஷத்துக்கு எத்தனை எழுத்துக்களை அனுப்புகிறான், எத்தனை எழுத்துக்களைக் கேட்டு வாங்குகிறான் என்று அளந்து, அவர்கள் கோடு வரைந்து பார்த்தார்கள். அனுப்பும் கோடு சீராக ஏறிச் சென்றது. வாங்கும் கோடோ கொஞ்ச தூரம் ஏறி, பிறகு வாரக்கணக்கில் சமதரையாக ஓடிற்று. மாணாக்கன் நாள்தோறும் பாடுபட்டும் பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. பலர் மனம் உடைந்து விலகுவதற்கு உரிய கட்டம் அதுவே. ஆனால் விலகாமல் நின்றவர்களுடைய கோடு, ஒரு நாள் திடீரென்று மறுபடியும் மேலே கிளம்பிற்று. பூகோளப் பாடத்தில் மலைச்சரிவுகளுக்கு நடுவே வரும் உயர்ந்த சமவெளியைப் பீடபூமி என்கிறோம் அல்லவா? அந்தச் சமதரைக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது.

அந்த வாரங்களில் மாணாக்கனுடைய மனம் சும்மா இருந்ததா? இல்லை என்பதே அவர்களுடைய முடிவு. தொடக்கத்தில் அவன் எழுத்தெழுத்தாகக் கேட்கிறான். நாளாவட்டத்தில் எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாகக் காதில் விழத் தொடங்குகின்றன. பின்னர்ச் சொற்கள் சேர்ந்து தொடராக விழுகின்றன. கீழ்ப்படி முழுவதும் கைவந்து, கவனத்தை வேண்டாத பழக்கமாக மாறிய பிறகே மேற்படி வசப்படுகிறது. பீடபூமி என்பது உள்ளே நடக்கும் அந்த வேலையின் காலம். அணைக்கட்டில் நீர் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது; மதகைத் தாண்டும் வரை மறுபுறத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை. கையால் குச்சி அடுக்கிய காலத்தில், புதிதாக வந்தவள் ஒவ்வொரு குச்சியாக எடுத்துச் சட்டத்தின் வரிப்பள்ளத்தில் வைப்பாள். கைதேர்ந்தவளோ ஒரு கைப்பிடிக் குச்சியைப் பரப்பி, விரலால் தடவியே அத்தனையையும் பள்ளங்களில் அமர வைத்துவிடுவாள். ஒன்றொன்றாக எடுத்த விரலுக்குக் கைப்பிடி வசமாவதற்குள் பல நாள் கழியும். அந்த நாட்களில், "இவளுக்கு அவ்வளவுதான்" என்று எந்த மேஸ்திரியும் அவளை வீட்டுக்கு அனுப்பியதில்லை. தொழிலில் காட்டிய பொறுமையைப் படிப்பில் காட்ட நமக்கு என்ன தடை?

சதுரங்க ஆட்டத்திலும் இதே உண்மை புலப்பட்டிருக்கிறது. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுக் கட்டத்தை ஐந்து வினாடி மட்டும் காட்டி மறைத்து, காய்களைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் 4 காய்களுக்கு மேல் வைப்பது கடினமாயிற்று. ஆனால் காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது, தேர்ந்தவரின் மேன்மை மறைந்து போயிற்று! அவருடைய ஞாபக சக்தி அபூர்வமானதன்று. அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், அர்த்தமுள்ள கூட்டங்களாகப் பார்க்கிறார் என்பதே ரகசியம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைச் சிறுவன் குகேஷ் 18-ஆம் வயதில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றதைக் கொண்டாடினோம். அத்தகைய கண் ஒரே இரவில் முளைப்பதன்று என்பதையும் உடன் நினைத்துக் கொள்வது நல்லது.

பொதுச் சுவர்

இனிக் குச்சிக்குத் திரும்புவோம். 12 குச்சிகளால், இரண்டுக்கு இரண்டாக நான்கு சதுரங்கள் கொண்ட ஒரு ஜன்னலைக் கட்டுங்கள். மூன்று குச்சிகளை மட்டும் நகர்த்தி, அதே அளவுள்ள மூன்று சதுரங்களாக்க வேண்டும். ஒரு குச்சியும் மிஞ்சக் கூடாது.

புதிதாக ஆடும் பிள்ளை 12 தனிக் குச்சிகளையே காண்கிறது. ஆகவே எதையாவது எடுத்து எங்கேயாவது வைத்துப் பார்க்கிறது. பழகிய பிள்ளையோ ஜன்னலைக் கண்டவுடனே, எந்தக் குச்சி ஒரே வீட்டுக்கு உரியது, எது இரண்டு வீடுகளுக்குப் பொதுச் சுவராக நிற்கிறது என்று காண்கிறது. 12 குச்சிகளுக்கு மூன்று சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு. அப்படியானால் பொதுச் சுவரே இருத்தலாகாது என்று முதலில் கணக்குப் போடுகிறது. மூலைக்கு மூலையாகத் தொட்டு நிற்கும் இரண்டு சதுரங்களை அப்படியே விட்டுவிட்டு, மிஞ்சிய நான்கு குச்சிகளில் ஒன்றைச் சுவராகக் கொண்டு, மற்ற மூன்றால் வெளிப்புறத்தில் புதிய வீடு கட்டிவிடுகிறது.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வகைப் புதிர்களில் மாதக்கணக்காக ஒரே நிலையில் நின்றான். விடை சரியாகவே வரும். ஆனால் நேரம் மட்டும் குறையவில்லை. கவனித்துப் பார்த்தால், அவன் விரல் வைத்து ஒவ்வொரு குச்சியாக எண்ணிக்கொண்டே இருந்தான். அவனுக்கு வேண்டியது கடினமான புதிர் அன்று. இதே இனத்தைச் சேர்ந்த எளிய புதிர்கள் இன்னும் பல. நாளுக்குப் பத்தாகக் கொடுத்ததில், சில வாரங்களில் விரல் தானே மடங்கிற்று; கண் பொதுச் சுவர்களைக் காணத் தொடங்கிற்று. அவனுடைய பீடபூமி தந்தி மாணாக்கனுடையது போன்றது. அதற்கு மருந்து மேலும் பழக்கம்.

பழக்கம் என்னும் வேலி

எல்லாத் தேக்கத்துக்கும் இது மருந்தாகுமா? ஆகாது, சில சமயங்களில் இதுவே நோயை முற்றச் செய்துவிடும்.

மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் கட்டலாம். ஐந்து குச்சிகளால் இரண்டு, ஏழால் மூன்று, ஒன்பதால் நான்கு. ஒவ்வொரு புது முக்கோணத்துக்கும் இரண்டு குச்சிகள் போதும் என்ற விதியைக் கெட்டிக்காரப் பிள்ளை விரைவில் கண்டுகொள்ளும். இப்போது ஆறே குச்சிகளைக் கொடுத்து, நான்கு முக்கோணங்கள் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமும் முழுக் குச்சியாக இருக்க வேண்டும். விதி தெரிந்த பிள்ளை, "முடியவே முடியாது, சார், ஆறு குச்சிக்கு இரண்டுதான் வரும், ஒன்று மிஞ்சும்" என்று கணக்குச் சொல்லும். தரையில் கட்டும் வரையில் அக்கணக்குச் சரியே. ஆனால் தரையில்தான் கட்டவேண்டும் என்று சொன்னவர் யார்? கீழே மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் போட்டு, மற்ற மூன்றையும் அதன் முனைகளிலிருந்து கூடாரம்போல் நிமிர்த்தி உச்சியில் சேர்த்தால், அடியில் ஒன்றும் பக்கங்களில் மூன்றுமாக நான்கு முக்கோணங்கள் வந்துவிடுகின்றன. இங்கே வழியை மறித்தது அறியாமையன்று. முன்னே உதவிய அறிவுதான்.

1942-இல் ஆப்ரஹாம் லூச்சின்ஸ் என்பவர் இதை அழகாக நிரூபித்தார். மூன்று பாத்திரங்களைக் கொண்டு குறிப்பிட்ட அளவு தண்ணீர் அளக்கவேண்டும். அளவைப் 'படி' என்று வைத்துக் கொள்வோம். பாத்திரங்கள் 21 படி, 127 படி, 3 படி. வேண்டியது 100 படி. பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21 படியை ஒரு முறையும் 3 படியை இரு முறையும் எடுத்துவிட்டால் 100 நிற்கும். இதே யுக்தியால் விடுவிக்கக்கூடிய பல கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்தார். பிறகு 23 படி, 49 படி, 3 படிப் பாத்திரங்களைக் கொண்டு 20 படி அளக்கச் சொன்னார். 23-இல் 3 போனால் 20 என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பயிற்சி பெற்றவர்களில் மிகப் பலர், 49-ஐ நிரப்பி, 23-ஐ எடுத்து, மூன்றை இருமுறை எடுத்துப் பழைய சுற்று வழியிலேயே போனார்கள். பயிற்சியே இல்லாதவர்கள் குறுக்கு வழியை எளிதில் கண்டார்கள்! கண்ணை மூடிக்கொள்ளாதே என்று பொருள்படும் ஒரு வரியைத் தாளில் எழுதிக்கொள்ளும்படி சிலரிடம் சொன்னார். அவர்களில் பலர் வலையிலிருந்து தப்பினார்கள்.

தீக்குச்சிகளைக் கொண்டே இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களும் உண்டு. 1999-இல் நோப்ளிஹ், ஓல்சன் முதலியோர் ரோமானிய எண்களைக் குச்சிகளால் அமைத்து, ஒரே குச்சியை நகர்த்திப் பிழையான கணக்கைச் சரியாக்கச் சொன்னார்கள். ரோமானிய முறையில் நான்கு என்பது சாய்ந்த இரு குச்சிகளுக்கு இடப்புறம் ஒரு நேர்க்குச்சி. அதை வலப்புறம் வைத்தால் ஆறு. ஆகவே 'நான்கு சமம் மூன்று கூட்டல் மூன்று' என்ற பிழையைத் திருத்துவது எளிது: இடக் குச்சியை வலப்புறம் மாற்றினால் ஆறாகிவிடும். ஆனால் 'மூன்று சமம் மூன்று கூட்டல் மூன்று' என்பதை எப்படித் திருத்துவது? எண்களில் கை வைத்தால் வழி பிறக்காது. கூட்டல் குறியின் நிமிர்ந்த குச்சியைப் படுக்கவைத்து, அதையும் சமக் குறியாக்கிவிட்டால், மூன்று சமம் மூன்று சமம் மூன்று! எண்களைத்தான் மாற்றலாம், குறிகளை மாற்றலாகாது என்று நாமே போட்டுக்கொண்ட வேலிதான் நம்மைத் தடுத்தது.

இதைவிட வியப்பானதொன்று. 2005-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள், மூளையின் முன்பாகத்தில் பக்கவாட்டில் பழுதுற்ற நோயாளிகளிடம் இவ்வகைக் குச்சிக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மிகக் கடினமானவற்றை நோயாளிகளில் நூற்றுக்கு 82 பேர் விடுவித்தார்கள். ஆரோக்கியமானவர்களில் 43 பேரே விடுவித்தார்கள். வேலி போடும் காவற்காரன் தளர்ந்திருந்ததால், அவர்கள் தடையின்றிப் புகுந்தார்கள் போலும்!

சதுரங்க நிபுணர்களுக்கும் இந்த வேலி உண்டு. 2008-இல் பிலாலிச், மக்லவுட், கோபே என்ற மூவர், பழகிய வழி ஒன்றும் அதைவிடக் குறுகிய வழி ஒன்றும் உள்ள நிலையைத் தேர்ந்த ஆட்டக்காரர் முன் வைத்து, அவர்களுடைய கண் செல்லும் திசையைக் கருவியால் பதிவு செய்தார்கள். வேறு வழி தேடுகிறோம் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். கண்களோ பழகிய வழிக்கு உரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தன.

நோய் அறிந்து மருந்து

ஆகப் பீடபூமி இரண்டு வகை. ஒன்று, பழக்கம் இன்னும் முதிராததனால் வருவது. மற்றொன்று, பழக்கம் அளவுக்கு மிஞ்சி முதிர்ந்ததனால் வருவது. முதலாவதற்கு மருந்து மேலும் பழக்கம். இரண்டாவதற்கு மருந்து பழக்கத்தை உடைத்தல். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கேடுதான் விளையும். முதல் வகைப் பிள்ளையிடம் மேன்மேலும் விசித்திரமான புதிர்களைக் கொடுத்தால் மிரண்டுவிடும். இரண்டாம் வகைப் பிள்ளையிடம், "இன்னும் நூறு கணக்குப் போடு" என்றால், வேலிக்கு நூறு முள் கூடுமேயன்றி வேறு பயன் இல்லை. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் கொடுக்கப்படுவது அந்த நூறு கணக்குத்தான்.

எந்த வகை என்று அறிவது எப்படி? பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதுவே போதும். மெதுவாக, ஆனால் சரியாகச் செய்கிறதா? சிறு சிறு துண்டாக எண்ணுகிறதா? முதல் வகை. சரசரவென்று தொடங்கி, ஒரே இடத்தில் முட்டி, அதே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா? "முடியவே முடியாது" என்று உறுதியாகச் சொல்கிறதா? இரண்டாம் வகை. விடுவிக்கும் முறையைப் பாராமல், விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுகிறவருக்கு இந்த வேற்றுமை தெரியவே தெரியாது.

இரண்டாம் வகைக்கு எங்கள் வகுப்பில் கையாளும் முறைகளை இங்கே சொல்லலாம். முட்டி நிற்கும் பிள்ளை, தான் மீறக்கூடாதென்று எண்ணும் விதிகளை ஒரு தாளில் எழுத வேண்டும். 'குச்சியை ஒடிக்கக் கூடாது' என்பது நாம் சொன்ன விதி. 'குச்சி தரையிலேயே கிடக்க வேண்டும்' என்பது யாரும் சொல்லாத விதி. எழுதிப் பார்த்தால் எது எது என்று வெளிச்சமாகிவிடும். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, முக்கோணப் புதிரில் இரண்டு நாள் மடங்காமல் போராடியவள், இரண்டாவது விதியை எழுதி முடிப்பதற்குள் எழுதுகோலைப் போட்டுவிட்டுக் குச்சிகளை நிமிர்த்தத் தொடங்கிவிட்டாள்.

அடுத்தது, இனம் கலந்து கொடுத்தல். சதுரப் புதிர் பத்தை ஒன்றாகக் கொடாமல், சதுரம், முக்கோணம், எண் கணக்கு, விடுகதை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், எந்த யுக்தி எங்கே பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் உண்டாகும். லூச்சின்ஸின் வலை விரிவதற்குக் காரணமே ஒரே இனத்தை அடுக்கிக் கொடுத்ததுதான்.

மூன்றாவது, உறங்கப் போதல். 2004-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், மறைந்த குறுக்கு வழி ஒன்றை உடைய எண் கணக்கைச் சிலருக்குப் பழக்கினார்கள். இடையில் எட்டு மணி நேரம் உறங்கியவர்களுள் அவ்வழியைக் கண்டவர்களின் விகிதம், விழித்திருந்தவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாயிருந்தது. ஆகவே, முட்டி நிற்கும் பிள்ளையை இரவு பத்து மணிக்குமேல் விளக்கின் முன் உட்கார்த்தி வதைப்பதில் பலன் இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம், அம்மா, போய்ப் படுத்துக்கொள்" என்று சொல்வது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது.

லூவேன் நகரத்து வீதி

தேக்கம் வந்தபின் நீக்குவது இருக்கட்டும். வராமலே காக்க வழி உண்டா? அதற்குக் கும்பகோணத்துக் கணித மேதையின் கதை ஒன்று வழி காட்டும். 1914-இல் ஸ்ரீநிவாஸ ராமாநுஜம் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, பின்னாளில் புள்ளிவிவர சாஸ்திரத்தில் புகழ் பெற்ற மஹலநோபிஸ் அவர் அறைக்கு வந்தார். ராமாநுஜம் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். நண்பர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த புதிரைப் படித்தார். பெல்ஜியத்தில் லூவேன் நகரத்தில் ஒரு வீதி. வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகை வலப்புறமுள்ளவற்றின் தொகைக்குச் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவ்வீட்டின் எண் யாது?

நண்பர் சில நிமிஷங்களில் முயன்று பார்த்து விடை கண்டிருந்தார்: 288 வீடுகளில் 204-ஆவது வீடு. ராமாநுஜமோ கரண்டியைக் கீழே வைக்காமலே ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அதிலிருந்து இந்த ஒரு விடை மட்டுமல்ல, எத்தனை வீடுகள் உள்ள வீதியாயினும் பொருந்தும் எல்லா விடைகளும் வரிசையாக வந்துவிடும். எட்டு வீடுகளாயின் 6-ஆவது வீடு. 49 ஆயின் 35-ஆவது. பிறகு 288-இல் 204.

நம் பிள்ளைகளிடம் தொடர்பின்னத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எட்டு வீடுகளில் தொடங்கச் சொல்லலாம். ஒன்று முதல் எட்டுவரை கூட்டினால் 36; அது ஆறின் வர்க்கம். ஒன்று முதல் 49 வரை கூட்டினால் 1,225. அது 35-இன் வர்க்கம். வீட்டு எண்ணின் வர்க்கமே வீதியின் மொத்தத் தொகை என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! விடை கிடைத்தவுடன் தாளைக் கசக்கி எறியாமல், "இதன் உறவினர் யார் யார்? ஒரு நிபந்தனையை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு எந்த யுக்தியும் வேலியாக உறைந்து போவதில்லை. எங்கள் வகுப்பில் ஒரு புதிரை விடுவித்தவர் அதே இனத்தில் தாமே ஒரு புதிர் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது நியதி. பல சமயங்களில் வாத்தியாருக்கே அவை எளிதில் மசிவதில்லை.

நூறாண்டுகளுக்கு முன் இரு தமிழர் கல்கத்தாவரை சென்று கற்று வந்த தொழிலால் இந்தச் சீமை பிழைத்தது. அதே தொழிலில் எத்தனையோ பிள்ளைகளின் இளமை குச்சியோடு குச்சியாக அடுக்கப்பட்டதும் மெய். சுதந்திர நாட்டில், ஒரு குழந்தையினுடைய அறிவின் எல்லை எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வீட்டாருக்கும் இல்லை, உபாத்தியாயருக்கும் இல்லை. நம்மால் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பிள்ளை தேங்கி நிற்கும்போது தீர்ப்பை ஒரு மாதம் ஒத்திவைப்போம். அந்த மாதத்தில் ஒரு மாலையாவது அருகில் உட்கார்ந்து, அது எப்படி யோசிக்கிறது என்று கேட்போம். துண்டு துண்டாக எண்ணினால் இன்னும் பழகக் கொடுப்போம்; ஒரே சுவரில் முட்டினால், யாரும் சொல்லாத விதி எது என்று தேடச் சொல்வோம். மாதம் முடிந்த பிறகும் "அவ்வளவுதான்" என்று சொல்லத் தோன்றினால், அப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்ல நேர்ந்த பெற்றோர் எங்கள் ஊரில் மிகச் சிலரே.